கையில் இருக்கும் சம்பளத்துக்குச் சென்னையில் வாடகை வீடு பிடிப்பது எப்படி

சென்னையில் பதினோரு வருஷத்தில் ஐந்து வீடு மாறியிருக்கிறோம், நானும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். இரண்டு பேர் சம்பளமும் சேர்ந்து இன்றைக்கும் 30,000-ஐத் தொடவில்லை. அந்த ஐந்தில் இரண்டு வீட்டை, வாடகை குறைவு என்ற ஒரே காரணத்துக்காக எடுத்தோம், அந்த இரண்டும்தான் எங்கள் பணத்தை அதிகம் தின்றன. அதனால் வீடு தேடக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: வாடகையைப் பார்க்காதீர்கள், அந்த வீட்டில் ஒரு மாதம் குடியிருக்க மொத்தமாக எவ்வளவு ஆகும் என்று பாருங்கள்.

ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போடுங்கள். எங்கள் மூன்றாவது வீட்டுக் கதையையே சொல்கிறேன். திருநின்றவூரில் ஸ்டேஷனிலிருந்து உள்ளே தள்ளி ஒரு வீடு, வாடகை 5,000. ஸ்டேஷன் பக்கத்தில், நடந்தே போகும் தூரத்தில், இன்னொன்று 6,500. மாதம் 1,500 மிச்சம் என்று உள்ளே இருந்த வீட்டை எடுத்தோம். ஸ்டேஷனுக்கு ஷேர் ஆட்டோ 20 ரூபாய், போக வர 40, மாதம் 26 நாள் வேலை, ஆளுக்கு 1,040. இரண்டு பேருக்கும் சேர்த்து 2,080. ஆக 5,000 ரூபாய் வீடு 7,080 ரூபாய் வீடாகிவிட்டது, மழை நாளில் ஆட்டோ வராமல் லீவு போட்டதைச் சேர்க்காமலே.

அடுத்து கரண்ட். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் படிப்படியாக ரேட் ஏறும். உங்கள் போர்ஷனுக்குத் தனி ஈ.பி. மீட்டர் இருந்து இரண்டு மாதத்தில் 200 யூனிட் ஓடினால் பில் 250 ரூபாய்க்குள் முடிந்துவிடும். அதே 200 யூனிட் ஓனர் வைத்த சப்மீட்டரில் ஓடி, ஓனர் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வாங்கினால் 1,600. மாதத்துக்கு ஏறக்குறைய 675 ரூபாய் வித்தியாசம். வாடகையில் ஐந்நூறு குறையுங்கள் என்று அரை மணி நேரம் கெஞ்சுகிற நாம், "மீட்டர் தனியா, சேர்த்தா?" என்று கேட்க மறந்துவிடுகிறோம்.

மூன்றாவது, யாரும் கணக்கில் சேர்க்காதது: அட்வான்ஸுக்கு வாங்கும் கடன். 50,000 அட்வான்ஸ் கேட்கிறார்கள், கையில் இல்லை, தெரிந்தவரிடம் மூணு வட்டிக்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். மாதம் 1,500 வட்டி. அதுவும் வாடகைதான், வேறு ஆளிடம் கொடுக்கிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். குண்டுமணி தங்கம் இருந்தாலும் வங்கியில் நகைக்கடனுக்குப் போங்கள், வட்டி மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். அதைவிட நல்லது, அட்வான்ஸையே குறைக்கப் பேசுவது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வாடகையோடு இந்த மூன்றையும், தண்ணீர், மெயின்டனன்ஸ் இரண்டையும் கூட்டி வரும் தொகை உங்கள் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அது பல மாதம் தாண்டியிருக்கிறது, தாண்டிய மாதமெல்லாம் பள்ளிக்கூட ஃபீஸுக்குக் கைமாற்று வாங்கினோம்.

எந்த ஏரியா?

ஏரியாவைப் பெயர் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள், ரயிலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சென்னையில் சம்பளம் குறைந்தவர்களைக் காப்பாற்றுவது புறநகர் மின்சார ரயில்தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை டிக்கெட் 10 ரூபாய், சீசன் டிக்கெட் எடுத்தால் இன்னும் குறைவு. செங்கல்பட்டு லைனில் பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், திருவள்ளூர் லைனில் பட்டாபிராம், திருநின்றவூர், செவ்வாப்பேட்டை, கும்மிடிப்பூண்டி லைனில் எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி என்று போகப் போக வாடகை இறங்கும். கிளாம்பாக்கம் பஸ் நிலையம் 2023 டிசம்பர் கடைசியில் திறந்ததிலிருந்து வண்டலூர், ஊரப்பாக்கம் பக்கம் மட்டும் பழைய வாடகையை எதிர்பார்க்க முடியாது. வீட்டில் பெண்கள் வேலைக்குப் போகிறார்கள் என்றால் சாதாரணக் கட்டண டவுன் பஸ் எந்த வழியில் எத்தனை மணிக்கு ஓடுகிறது என்பதையும் பாருங்கள், 2021 மே மாதத்திலிருந்து அதில் அவர்களுக்குக் கட்டணம் கிடையாது. என் மனைவிக்கு பஸ் ரூட் சரியாக அமைந்த வீட்டில் போக்குவரத்துச் செலவு ஒரு ரூபாய்கூட இல்லை.

இரண்டு ஸ்டேஷனை மட்டும் தேர்ந்தெடுங்கள். அந்த இரண்டிலிருந்தும் பதினைந்து நிமிட நடை தூரத்துக்குள் மட்டும் தேடுங்கள். ஊர் முழுக்கத் தேடினால் பஸ் செலவும் கால்வலியும்தான் மிஞ்சும்.

எப்படித் தேடுவது?

ஆப்பில் பாருங்கள், ஆனால் அந்த ஏரியாவில் வாடகை என்ன ஓடுகிறது என்று தெரிந்துகொள்ள மட்டும். நம் பட்ஜெட்டில் இருக்கும் வீடுகள், அதாவது ஓனர் கீழே குடியிருந்து மாடியில் விடும் ஒரு பெட்ரூம், பின்கட்டில் ஒரு ரூம் கிச்சன், இவை பெரும்பாலும் ஆப்புக்கு வருவதே இல்லை. கேட்டில் ஒரு டு-லெட் அட்டை தொங்கும், பல சமயம் அதுவும் இருக்காது. அட்டை மாட்டினால் புரோக்கர்கள் போன் செய்து தொல்லை பண்ணுவார்கள் என்று மாட்டாமல் தெரிந்தவர்களிடம் மட்டும் சொல்லி வைப்பார்கள். அந்தத் தெரிந்தவர்கள் யார் என்றால் இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக் கடை அண்ணாச்சி, தண்ணீர் கேன் போடும் பையன், பால் பாக்கெட் போடும் அம்மா.

இப்போது இருக்கும் வீடு எங்களுக்குக் கிடைத்தது இஸ்திரி வண்டிக்காரர் மூலமாகத்தான். பட்டாபிராமில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேப்பமர நிழலில் வண்டி, அவர் கரிப்பெட்டியை ஊதிக்கொண்டிருந்தார். நான் ஒரு சட்டையைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தேன். "அடுத்த தெருவுல பச்சை கேட்டு வீட்டு மாடி ஆவணில காலியாவுது தம்பி, அந்த சாருக்கு டிரான்ஸ்பர், யூனிபார்ம் எல்லாம் மொத்தமா தேச்சு வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஓனரம்மா நல்ல மாதிரி. ஆனா தண்ணி கொஞ்சம் மஞ்சளா வரும், பாத்துக்கோங்க" என்றார். எந்த ஆப் இதைச் சொல்லும்? வீடு காலியாவது ஓனர் அட்டை மாட்டுவதற்கு ஒரு மாதம் முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. நான் போய் நின்றபோது அந்த அம்மா, "உங்களுக்கு யார் சொன்னது?" என்று ஆச்சரியப்பட்டார். புரோக்கர் கமிஷன் ஒரு மாத வாடகை மிச்சம்.

புரோக்கர்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. உள்ளூரில் கடை வைத்திருக்கும், பத்து வருஷமாக அதே தெருவில் இருக்கும் புரோக்கர் பரவாயில்லை. வீடு முடிந்து சாவி கைக்கு வந்த பிறகுதான் கமிஷன் என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். வீடு காட்டவே ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் கேட்பவரிடம் நிற்க வேண்டாம். போனிலேயே, "நான் ராணுவத்தில் இருக்கிறேன், வேறு ஊருக்கு மாற்றல், அட்வான்ஸ் போட்டால் சாவி கூரியரில் வரும்" என்கிறவர்கள் மோசடிக்காரர்கள், வேறு பேச்சே இல்லை. கதவைத் திறந்து உள்ளே நின்று பார்க்காத வீட்டுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள்.

எப்போது தேடுவது என்பதும் முக்கியம். மே, ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும் நேரத்தில் எல்லாரும் ஒரே சமயத்தில் வீடு தேடுவார்கள், ஓனர் சொன்னதுதான் விலை. ஆடியில் யாரும் குடிபோக மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆனி கடைசியில் காலியான வீடு ஆடி முழுக்கப் பூட்டிக் கிடக்கும், ஓனருக்கு ஒரு மாத வாடகை போச்சு. அப்போது போய், "ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சிக்கொள்கிறோம், இப்போதே டோக்கன் தருகிறேன்" என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு உங்கள் பக்கம் திரும்பும். சாஸ்திரம் பார்க்காதவர் என்றால் ஆடியிலேயே குடிபோய்விடலாம், இன்னும் குறைத்துக் கேட்கலாம்.

மனசு வலிக்கிற ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். "வெஜிடேரியன் மட்டும்" என்பார்கள், பேச்சிலருக்கு இல்லை என்பார்கள், பெயரைக் கேட்டதும் "வீடு முடிஞ்சிருச்சு" என்பார்கள், சுற்றி வளைத்து "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். இது தப்பு, வாடகைக்கு விடுகிறவருக்கு வாடகையையும் நடத்தையையும் தவிர வேறு எதையும் கேட்க நியாயம் கிடையாது. ஆனால் வீடு தேடும் நேரத்தில் பஸ் ஏறிப் போய் அவமானப்பட்டுத் திரும்ப நமக்குத் தெம்பு இல்லை. அதனால் போனிலேயே எத்தனை பேர், என்ன வேலை, அசைவம் சமைப்போம், என்ன பெயர் எல்லாம் நாமே சொல்லிவிடுவது நல்லது. வேண்டாம் என்பவர் அப்போதே வேண்டாம் என்று சொல்லட்டும். இஸ்லாமிய நண்பர் ஒருவர் இருபது வீட்டுக்கு மேல் அலைந்துவிட்டு, கடைசியில் மசூதிப் பக்கத்துக் கடைக்காரர் மூலமாக நல்ல வீடு பிடித்தார். நம்மை ஏற்கெனவே அறிந்த ஒருவர் நமக்காக ஒரு வார்த்தை சொன்னால் அது பெரிய உதவி.

வீட்டைப் பார்க்கும்போது

இரண்டு முறை போங்கள். ஒரு தடவை பகல் இரண்டு மணிக்கு, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ, மேலே மொட்டை மாடியோ உள்ள வீட்டின் உண்மை அப்போதுதான் தெரியும். இன்னொரு தடவை ராத்திரி ஏழு மணிக்கு, தெருவிளக்கு, பக்கத்துச் சத்தம், பெண்கள் தனியாக நடந்து வரக்கூடிய தெருவா என்பது தெரியும்.

குழாயைத் திறந்து கையில் சோப்புப் போட்டுப் பாருங்கள். நுரை சரியாக வராவிட்டால் போர் தண்ணீர் உப்பு, துணி வெளுக்காது, குடிக்கவும் சமைக்கவும் கேன்தான். ஒரு பாட்டிலில் பிடித்துப் பத்து நிமிடம் வைத்தால் மஞ்சள் இறங்குகிறதா என்று தெரியும். மோட்டார் ஒரு நாளைக்கு எத்தனை முறை போடுவார்கள், கோடையில் லாரித் தண்ணீர் வாங்கினால் அந்தச் செலவு யாருக்கு, இதையெல்லாம் வெட்கப்படாமல் கேளுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஓதம் அடித்திருக்கிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள், புதுப் பெயின்ட் அதை மறைத்திருக்கும், ஆனால் தொட்டால் சில்லென்று இருக்கும்.

அப்புறம் வெள்ளம். எங்கள் முதல் வீடு முடிச்சூர் பக்கம். தரைத்தளம், பெரிய ஹால், அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே குறைந்த வாடகை. பிளக் பாயிண்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில் இருந்தது. குழந்தைகள் கை வைக்காமல் இருக்க அப்படி வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டோம். 2015 டிசம்பர் ஒன்றாம் தேதி ராத்திரி அடையாற்று வெள்ளம் ஊருக்குள் வந்தபோதுதான் அது ஏன் என்று புரிந்தது. பாடப் புத்தகம், அரிசி, கட்டில், பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருந்த சர்டிபிகேட் எல்லாம் போச்சு. தாழ்வான இடத்தில் வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. முடிச்சூர், வரதராஜபுரம், வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரி இடங்களில் மாடி வீடு கிடைத்தால் யோசிக்கலாம், தரைத்தளம் என்னைப் பொறுத்தவரை வேண்டாம். "இங்கே தண்ணி நிக்குமா?" என்று கேட்டால் எல்லாரும் நிற்காது என்றுதான் சொல்வார்கள். அதனால் அப்படிக் கேட்காதீர்கள். எதிர்க் கடையில் ஒரு டீ குடித்துக்கொண்டே, "மிக்ஜாம் புயலப்போ இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணா?" என்று கேளுங்கள். 2023 டிசம்பர் எல்லாருக்கும் நன்றாக நினைவிருக்கிறது, கையை முட்டியிலோ இடுப்பிலோ வைத்துக் காட்டிவிடுவார்கள்.

அட்வான்ஸும் ஒப்பந்தமும்

சென்னையில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது பழைய பழக்கம். இப்போது ஐந்து, ஆறு மாதம் கேட்கிறார்கள். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகைக்கு மேல் அட்வான்ஸ் வாங்கக் கூடாது என்கிறது. இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்புக்கொண்டு எழுதிக்கொண்டால் அது செல்லும் என்ற இடைவெளியும் அதிலேயே இருக்கிறது, அதனால் "சட்டம்" என்று மிரட்டிப் பயனில்லை. ஆனால் பேசும்போது, "சட்டத்துல மூணு மாசம்தானேம்மா சொல்லியிருக்காங்க, நான் நாலு தர்றேன்" என்று மரியாதையாகச் சொன்னால் எடுபடுகிறது, எனக்கு எடுபட்டிருக்கிறது. வாடகையில் 500 குறைப்பதைவிட அட்வான்ஸில் 15,000 குறைப்பது சுலபம், ஏனென்றால் அது எப்படியும் திருப்பித் தர வேண்டிய பணம் என்று ஓனருக்கும் தெரியும். முடியாது என்றால் பாதி இப்போது, மீதி மூன்று மாதத்தில் என்று கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் வாடகை வந்துவிடும் என்று சொல்லி, பழைய ஓனரின் போன் நம்பரைக் கொடுத்து "விசாரிச்சுக்கோங்க" என்று சொன்னால் அதைவிடப் பெரிய சிபாரிசு கிடையாது.

பணத்தை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். வங்கியிலோ ஜி-பேயிலோ "வீட்டு அட்வான்ஸ்" என்று குறிப்பு எழுதி அனுப்புங்கள். ரொக்கம்தான் வேண்டும் என்றால் கையெழுத்துப் போட்ட ரசீது. எங்கள் இரண்டாவது வீட்டில் வாய்வார்த்தையாகப் போய்விட்டோம், காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகை, குழாய் ரிப்பேர், அது இது என்று 14,000 கழித்துக்கொண்டார்கள், வாயைத் திறக்க ஒரு தாளும் இல்லை. புதிய சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில்தான் இருக்க வேண்டும், அரசின் வாடகை ஒப்பந்த இணையதளத்தில் பதியவும் வேண்டும். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்: வாடகை, அட்வான்ஸ், ஈ.பி. யூனிட் ரேட், தண்ணீர், பெயின்ட்டுக்கு எவ்வளவு கழிப்பார்கள், வருஷத்துக்கு எவ்வளவு ஏற்றுவார்கள், காலி செய்ய எத்தனை மாதம் முன்னால் சொல்ல வேண்டும். வாடகையை ஏற்றுவதென்றால் மூன்று மாதம் முன்னால் எழுத்தில் சொல்ல வேண்டும், சண்டை வந்தது என்பதற்காகத் தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது, நாம் காலி செய்து கொடுத்த ஒரு மாதத்துக்குள், பாக்கி ஏதும் இருந்தால் அது போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். இவை சட்டத்தில் இருக்கின்றன. பிரச்சினை என்றால் மாவட்டத்தில் இதற்கென்று இருக்கும் வாடகை அதிகாரியிடம் மனுக் கொடுக்கலாம்.

லீஸ் வீட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஐந்து லட்சம், ஆறு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டால் வாடகையே இல்லை என்று கேட்க இனிப்பாக இருக்கும். ஊரில் நிலத்தை விற்று அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். அந்த வீட்டின் மேல் ஓனர் வங்கிக் கடன் வாங்கியிருந்து கட்டாமல் விட்டால் ஒருநாள் வங்கி வந்து கதவில் நோட்டீஸ் ஒட்டும், உங்கள் லட்சங்களுக்கு ஓனரின் பின்னால் அலைய வேண்டும். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழை இலவசமாகவே பார்க்கலாம், வீட்டுப் பத்திரத்தை வங்கியில் அடமானம் வைத்திருந்தால் பெரும்பாலும் அதில் வந்துவிடும். வில்லங்கம் பார்க்காமல், பத்திரத்தில் பெயர் உள்ள ஓனரை நேரில் பார்க்காமல், பதிவு செய்யாமல் லீஸுக்குப் பணம் கொடுக்கவே கூடாது. நடுவில் ஒரு கம்பெனியோ ஆளோ நின்று "நாங்க ஓனர்கிட்ட எடுத்து உங்களுக்கு விடுறோம்" என்றால் திரும்பி வந்துவிடுங்கள்.

பெரும்பாக்கம், கண்ணகி நகர் பக்கம் போர்டு வீடு, அதாவது குடிசை மாற்று வாரியம் கட்டிய வீடு, குறைந்த வாடகைக்கு வரும். அவை ஒதுக்கீடு பெற்ற குடும்பம் குடியிருப்பதற்காக அரசு கொடுத்தவை, வாடகைக்கு விடுவதற்காக அல்ல. அதிகாரிகள் சோதனைக்கு வந்தால் வெளியே நிற்பது நாம்தான். தனியாக வேலைக்கு வரும் பெண்கள் அரசின் தோழி விடுதிகளைப் பாருங்கள், தாம்பரம், கூடுவாஞ்சேரி, அடையாறு போன்ற இடங்களில் இருக்கின்றன. தனியாக வரும் ஆண்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் முதல் இரண்டு மாதத்துக்குக் கைகொடுக்கும், அங்கே இருந்துகொண்டு நிதானமாகத் தேடலாம்.

குடிபோகும் அன்று பால் காய்ச்சுவதற்கு முன்னால் ஈ.பி. மீட்டரையும், ஒவ்வொரு அறையையும், உடைந்த கதவுத் தாழ்ப்பாள், சுவர் விரிசல், குழாய்க் கசிவு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். "பார்த்துக்கோங்கம்மா, வரும்போதே இப்படித்தான் இருந்துச்சு" என்று ஒரு வரி போதும். தேதியோடு அது அங்கேயே இருக்கும்.

பழைய வீட்டைக் காலி செய்யும்போது இன்னொரு வேலை பாக்கி இருக்கிறது. பெரும்பாலான ஓனர்கள் நம் அட்வான்ஸைச் செலவு செய்திருப்பார்கள், அடுத்து வருகிறவரின் அட்வான்ஸை வாங்கித்தான் நமக்குத் தருவார்கள். அதனால் ஒரு மாதம் முன்னாலேயே தெரு முனை இஸ்திரி வண்டிக்காரரிடமும் அண்ணாச்சியிடமும், வாடகை இவ்வளவு, மீட்டர் தனி, தண்ணீர் இப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டு வாருங்கள். நம்மைப் போல ஒருவர் புரோக்கர் இல்லாமல் அந்த வீட்டுக்கு வந்துவிடுவார், நம் பணமும் சீக்கிரம் கைக்கு வந்துவிடும்.